கஞ்சி கொட்டிய கை

என் வலது புறங்கையில் ஒரு சதுரம் இருக்கிறது. நாலு மூலையும் கூராக, அளவெடுத்து வெட்டியது மாதிரி. வெட்டியதுதான். என் மாமா அட்டையில் வெட்டினார். ஓரமெல்லாம் வெள்ளை, நடுவில் திட்டுத் திட்டாக என் சொந்த நிறம். பார்க்கிறவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள், நானும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஆனால் போன மாதம் என் அக்கா அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். அன்றிலிருந்து வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். சாந்தமான எழுத்து வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது போய்ப் படித்துக்கொள்ளலாம்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் ஆவடியில் இருந்தோம். நைனாவுக்கு அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை. வேப்பம்பட்டுப் பக்கம் ஊரார் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அதில் ஆலைச் சங்கு ஊதினால் சைக்கிளில் பறக்கிற முதல் ஆள் நைனாதான். குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். வரிசை வரிசையாக ஒரே அச்சு வீடுகள். முன்னால் இரண்டு படி, பின்னால் துவைக்கிற கல், அதை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட குளியலறை. எதிர் வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். எதையாவது மறைத்து வைக்க அதைவிடத் தோதில்லாத இடம் உலகத்திலேயே கிடையாது. என் அம்மா அங்கேதான் என் கையை மறைக்கப் பார்த்தாள்.

எனக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அக்காவுக்கு இருபத்தொன்று, மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து என் புறங்கையில் பயறு அளவுக்கு ஒரு வெள்ளை வந்தது. சுண்ணாம்பு தெறித்திருக்கிறது என்று நினைத்து பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்தேன். போகவில்லை. ஒரு மாதத்தில் அது புளியங்கொட்டை அளவு ஆனது.

அம்மா பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஐயையோ, வெண்குஷ்டம்டி இது! வெளிய மூச்சு உடாத. உங்கக்காள எவன் கட்டுவான்?"

எரிகிறதா, வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. வலிக்கவில்லை, அது வேறு விஷயம். கேட்டிருக்கலாம் இல்லையா?

நைனாதான் லீவு போட்டு பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அம்மாவும் கூட வந்தாள். அங்கே ஒரு தோல் டாக்டரம்மா. என் கையை எடுத்துத் தன் கை மேல் வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறை கிறை எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதமாக அம்மாகூட அந்தக் கையைத் தொட்டிருக்கவில்லை.

"இது குஷ்டமில்லம்மா. யாருக்கும் தொத்தாது. அந்த இடத்துல நிறம் போயிருக்கு, அவ்வளவுதான். சீக்கிரமா வந்துட்டீங்க, திரும்ப வரவெச்சிடலாம். விட்டுட்டு ஒரு வருஷம் கழிச்சு வந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

ஒரு சின்னப் பழுப்புக் குப்பி கொடுத்தார். அதற்கு அவர் சொன்ன பக்குவம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். இந்த மருந்து தானாக ஒன்றும் செய்யாது, வெயில் பட்டால்தான் வேலை செய்யும். தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, வெள்ளையில் மட்டும், ஓரம் தாண்டாமல் தடவ வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்து காலை வெயிலில் அரை நிமிஷம். அடுத்த வாரம் ஒரு நிமிஷம். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி மூடிவிட வேண்டும். "ஆசைப்பட்டு அதிகமா காட்டினா வெந்துடும். அன்னிக்கே தெரியாது, மறுநாள், அதுக்கு மறுநாள்தான் தெரியும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இது இன்னாத்துல பண்ணதும்மா?"

"கார்போகரிசின்னு ஒரு விதை இருக்கு, அதுல எடுக்கிற சத்து."

வினை அங்கே பிடித்தது. கார்போகரிசி எங்கள் வீட்டில் குளியல் பொடிக்குப் போட்டு அரைக்கிற சாமான். பச்சைக் குழந்தைக்கும் தேய்ப்பார்கள். மருந்தின் மேல் இருந்த பயம் அம்மாவுக்கு அந்த நிமிஷமே போய்விட்டது. "பொடியில போட்றதுதான, அது இன்னா பண்ணிடும்?" என்று ரயிலிலேயே நைனாவிடம் சொன்னாள். வெயில் மேல்தான் அவளுக்குப் பயம். வெயில் என்றால் வாசல் படி. வாசல் படி என்றால் எட்டு வீட்டுக் கண்.

எங்கள் குளியலறைக் கூரையில் ஒரு ஓட்டை இருந்தது. காலை ஒன்பதரைக்கு மேல் அது வழியாக ஒரு வடை அளவு வெயில் தரையில் விழும். அம்மா என்னை அங்கே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நான் ஈரத்தரையில் குந்தி, மருந்து தடவிய கையை அந்த வெயிலுக்குக் கீழே நீட்ட வேண்டும். வெயில் நகரும், நானும் நகர வேண்டும். மேகம் வந்தால் அதுவும் இல்லை. பத்து அடி தள்ளி வெளியே, மூன்று ஊருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற அளவுக்கு ஆவடி வெயில் கொட்டிக்கிடந்தது. கதவிடுக்கில் அதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்துக் கக்கூஸ் நாற்றத்தில் வடை வெயிலைத் துரத்திக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கதவை உடைக்கத் தோன்றுகிறது.

இன்னொரு சட்டமும் வந்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் நான் தண்ணீர் கொண்டுவரக் கூடாது. இடது கையால் கொடுத்தால் அவமரியாதை, வலது கையால் கொடுத்தால் மானம் போகும். அதனால் ஆள் சத்தம் கேட்டதும் நான் அடுப்பங்கரையில் போய் நின்றுகொள்ள வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, எங்கள் வீட்டில் பூசணிக்காய் நான்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளை மூன்று விரல் அகலம் ஆகியிருந்தது.

"வெயில்ல காட்டறீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"தெனமும் காட்றோம்மா" என்றாள் அம்மா, வாய் கூசாமல். நைனா சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார். நானும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு என்னை நானே மன்னிக்கவில்லை, இதையும் எழுதிவைக்கிறேன்.

இந்த விவகாரத்துக்குள் மாமா நுழைந்தது அப்போதுதான். அம்மாவின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டர். எங்கள் வீட்டில் சிரிக்கத் தெரிந்த ஒரே மனிதர். என் கையைப் பார்த்தார், குளியலறை ஓட்டையைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா, இதுக்கா இம்மாம் பேஜாரு? வெயில் வோணும், ஆனா எவனும் பாக்கக் கூடாது. அவ்ளோதான? நம்ம வெல்டிங் வெளிச்சம் கீதே, அது சூரியனுக்கு அண்ணாத்தே! இத்தப் பாரு." சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தைக் காட்டினார். கழுத்துக்குக் கீழே முக்கோணமாகக் கறுத்து, தோல் உரிந்திருந்தது. "வெயில்லயா நின்னேன்? கூரைக்குக் கீழதான வேல செய்றேன்? அந்த வெளிச்சம் பட்டுப் பட்டே கறுத்துட்ச்சி. என்ன கறுப்பாக்குனது இவள ஆக்காதா? வெயில்ல ஒரு மாசம் காட்றத நான் ஒரே நாள்ல முட்ச்சிக் குடுக்கறேன்."

அவர் சொன்னது பைத்தியக்காரத்தனம் இல்லை, அதுதான் கொடுமை. வெல்டிங் வெளிச்சம் வெயில் மாதிரி தோலைச் சுடும் என்பது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் தெருவில் பாதிப் பேர் இரும்போடு புழங்குகிறவர்கள், யாரைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நைனாவும் தலையாட்டினார். எவ்வளவு சுடும் என்று மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும், யாரும் இருக்க மாட்டார்கள். மாமா சாவி வாங்கி வைத்திருந்தார். அம்மாவும் நானும் ரயிலேறி அம்பத்தூர் போனோம். அங்கே அம்மா குப்பியைத் திறந்தாள். தீக்குச்சி இல்லை, பஞ்சு இல்லை. ஒரு துணியில் நனைத்து, மெழுகுகிற மாதிரி புறங்கை முழுக்கத் தடவினாள். "ஓரம் தாண்டக் கூடாதும்மா" என்றேன். "கம்முனு கெட. கார்போகரிசிதான!" என்றாள்.

மாமா ஒரு அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி என் கை மேல் கவிழ்த்தார். பொறி தெறித்தால் மற்ற இடத்தில் படாமல் இருக்க. என் கண்ணில் துண்டை மூன்று மடிப்பு கட்டினார். அம்மாவை வெளியே போகச் சொன்னார். ஒரு முழம் தள்ளி வெல்டிங் ராடைப் பற்றவைத்தார். படபடவென்று சத்தம், மூக்கில் காட்டமான புகை, துண்டைத் தாண்டிக்கூடக் கண்ணுக்குள் வெளுப்பு.

"எரியுதா கண்ணு?"

"இல்ல மாமா."

"எரியலன்னா பத்தல" என்று இன்னொரு ராடு போட்டார்.

உண்மையாகவே எரியவில்லை. கையில் கொஞ்சம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். வரும் வழியில் மாமா எனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். அம்மா ரயிலில் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பல மாதத்துக்குப் பிறகு தொட்டாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

திங்கட்கிழமை கை செங்கல் நிறம் ஆனது. அதே திங்கட்கிழமை தரகர் வந்து, புதன்கிழமை நல்ல நாள், வேலப்பன்சாவடியில் இருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை கை கொப்புளித்துவிட்டது. சதுரமாக ஒரு கொப்புளம், உள்ளே நீர் தளும்பியது. மேலே காற்று பட்டால் உயிர் போனது. டாக்டரம்மா சொன்ன அதே கணக்கு, மறுநாள், அதற்கு மறுநாள். மாமா ஓடி வந்தார். மஞ்சள் களிம்பும் வெள்ளைத் துணியும் வாங்கிவந்து கட்டினார். "ஒரு ராடு ஜாஸ்தியாப் போச்சு கண்ணு" என்று சொல்லி மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் குறைவு. அவருக்கு என் கை குணமாக வேண்டும் என்றாவது இருந்தது.

அம்மா அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் மெல்லத் தெளிந்தது. கண்ணாரக் கண்டேன்.

"நாளைக்கு நீயே தண்ணி குடு" என்றாள்.

புரிகிறதா? கட்டுப் போட்ட கையை யாருக்கும் காட்டலாம். வெந்தது கௌரவம், வெளுத்ததுதான் அவமானம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யச் சொன்னார்கள் பெரியவர்கள். எங்கள் வீட்டில் அந்த ஆயிரத்துக்கும் பதிலாக என் கை கிடைத்தது.

புதன்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, இன்னும் நாலு பேர். நான் சொம்பும் டம்ளருமாக முன்னறைக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னாம்மா இது, கையில கட்டு?"

அம்மா கதவோரம் நின்றாள். அவள் வாய் திறக்கும்முன் நானே சொன்னேன்.

"கஞ்சி வடிக்கும்போது கொட்டிகினேங்க."

எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

"அடக் கடவுளே, இம்மாம் காயத்தோட தண்ணி வேற எடுத்தாந்தியா?" என்று அந்த அம்மாள் கட்டின் மேல் மெதுவாக ஊதினார். மூன்று தடவை. பிறகு அம்மாவிடம் திரும்பி, "வேல செய்ற பொண்ணுங்கள வளத்துருக்கீங்க" என்றார். அக்காவைப் பிடித்துவிட்டது. பேசி முடித்துவிட்டார்கள். வாசலில் பூ விற்றவள்கூட அன்று எங்கள் வீட்டில் காபி குடித்தாள். அக்கா அடுப்பங்கரையில் என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னாலதான்டி" என்று அழுதாள். சாகிறவரை மறக்க மாட்டேன் என்று சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. கட்டு அவிழ்ந்தது. மாமாவின் அட்டை ஓட்டை அப்படியே என் கையில் பதிந்திருந்தது, நாலு மூலையும் பளிச்சென்ற வெள்ளை. வெள்ளை இல்லாமல் இருந்த நல்ல தோலும் வெந்து வெளுத்துவிட்டது. இனி கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, வெயிலில் உட்காரட்டுமா என்று கேட்டேன். "மூணு மாசம் போவட்டும்" என்றாள் அம்மா. பிறகு, "ஒரு புள்ள பொறக்கட்டும்." பிள்ளை பிறந்தால் காது குத்தட்டும் என்பாள், காது குத்தினால் அதற்குக் கல்யாணம் ஆகட்டும் என்பாள். நல்லா இருக்கிறதே நியாயம்!

நான் தனியாக ரயிலேறி டாக்டரம்மாவிடம் போனேன். ஓட்டை, அட்டை, ராடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம். தோல் நன்றாக ஆறின பிறகு மறுபடியும் முதலில் இருந்து அரை நிமிஷம் என்றார். வரும் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றார்.

மறுபடியும் தொடங்கினேன், வாசல் படியில், காலை பத்து மணிக்கு. அம்மா உள்ளே தலையில் அடித்துக்கொண்டாள். முதல் நாள் எட்டு வீடும் பார்த்தது. இரண்டாம் நாள் எதிர்வீட்டுக்காரி வந்து என்ன என்று கேட்டாள், சொன்னேன். "எங்க சித்தப்பாவுக்கும் கீது" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள். மூன்றாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்காகவா அந்தக் குளியலறை? மூன்றே நாள் சமாசாரத்துக்கா என் கையை வேகவைத்தீர்கள்?

ஒரு மாதம் போயிருக்கும். சதுரத்தின் நடுவே மயிர்க்கால் இருக்கிற இடத்தில் கடுகு கடுகாக ஏழு புள்ளிகள் வந்திருந்தன, என் நிறத்தில். தினமும் எண்ணுவேன். அன்றைக்கும் மருந்து தடவி உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் இருந்து அக்கா வேகமாக வந்தாள். மூச்சு வாங்கியது.

"எங்கத்த பின்னால வந்துகினு கீறாங்க. எந்திரி, உள்ள போ."

"இன்னும் அர நிமிசம் கீதுக்கா."

"ஒரு நாள் உள்ள குந்துனா இன்னாடி கெட்டுப்பூடும்? ஊட்டுக்கு வந்து பாரு, நான் படற பாடு தெரியும். போடி!"

ஒரு நாள்தான். போயிருக்கலாம். ஒரு நாளில் ஏழு புள்ளியும் ஓடிவிடாது. ஆனால் சாகிறவரை மறக்க மாட்டேன் என்ற அதே வாய் இது. நான் எழுந்திருக்கவில்லை.

மாமியார் வந்துவிட்டார். முகம் மலர்ந்திருந்தது. "இன்னாம்மா, கஞ்சி கொட்டுனது இன்னுமா ஆறல?" என்றார். அம்மா வாசலில் வந்து நின்று, "ஆமா சம்மந்தி, வடு நின்னுப்போச்சு" என்றாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கும்பிடு இருந்தது.

"கஞ்சி கொட்டலைங்க" என்றேன். "அன்னிக்கு நான்தான் பொய் சொன்னேன். இது வெண்படை. மருந்து போட்டு வெயில்ல காட்டிகினு கீறேன். தொத்தாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

உள்ளே போய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். டம்ளரில் தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினேன், வலது கையால்.

"கீழ வெச்சிடும்மா" என்றார். கட்டின் மேல் மூன்று தடவை ஊதிய அதே வாய். கீழே வைத்தேன். கடைசிவரை அவர் அதை எடுக்கவில்லை.

அக்காவின் வாழ்வு போய்விடும் என்று அம்மா ஒப்பாரி வைத்தாள். ஒன்றும் போகவில்லை. அவரவர் பாட்டுக்கு வாழ்ந்தார்கள், மூன்று பிள்ளைகள் பிறந்தன. மாமியார் அதற்குப் பிறகு எங்கள் படி ஏறவில்லை, அவ்வளவுதான். ஆனால் அக்கா வந்தாள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும். வந்தால் நேராக அடுப்பங்கரைக்குப் போய்த் தானே பானையில் மொண்டு குடித்தாள். நான் கொடுத்து வாங்கிக் குடிக்கவில்லை. கேட்டால், "நமக்குள்ள இன்னாடி மரியாத" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

முப்பது வருஷம் ஓடிவிட்டது. மாமியார் செத்துப்போனார், அம்மா செத்துப்போனாள். போன மாதம் அக்காவின் கடைசி மகனுக்குக் கல்யாணமாகி, புது மருமகளைப் பார்க்க வேலப்பன்சாவடி போயிருந்தேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு சின்னத்தை?" என்றாள்.

நான் வாய் திறக்கும்முன் அக்கா சொன்னாள்.

"அதுவா? சின்ன வயசுல கஞ்சி கொட்டிகினா."

முப்பது வருஷத்துக்குப் பிறகு! பயப்பட ஒருத்தரும் உயிரோடு இல்லாத வீட்டில்! நான் திரும்பினேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெண், "ஐயோ பாவம், எவ்வளவு வலிச்சிருக்கும்" என்று தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள். சதுரத்தின் மேல் பெருவிரலால் தடவிக் கொடுத்தாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஆமாம், மூடிக்கொண்டேன். பதினேழு வயதில் சொன்ன அதே பொய்யை நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை வாய் திறக்காமலே. ஒரு மாதமாக எரிகிறது என்றேனே, அக்கா மேல் என்றுதான் எனக்கும் எண்ணம். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது.

இந்தக் காகிதங்களை அந்தப் பெண்ணிடம்தான் கொடுக்கப் போகிறேன். படித்துவிட்டு வந்து கையைப் பிடிக்கட்டும், பார்க்கலாம்.